அன்றைக்கு எவ்வளவு? – டேவிட் ஸ்டோர்லின் குண்டு



உடற்கல்வி ஆசிரியர்களும் விளையாட்டு மாணவர்களும் கூடியிருக்கும் இந்த அரங்கில் குண்டு எறிதலைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் இந்தப் போட்டிக்குக் கொஞ்சம் இளக்காரம் உண்டு. நூறு மீட்டருக்கும் நீளம் தாண்டுதலுக்கும் ஆள் சேர்த்து முடித்த பிறகு, ஓரமாக நிற்கும் தடித்த பையனைக் கூப்பிட்டு "நீ குண்டு போடுடா" என்று பெயர் எழுதிக்கொள்வதைப் பல பள்ளிகளில் பார்க்கலாம். பார்வையாளர்களும் அப்படித்தான். ஓட்டம் முடிந்ததும் பாதிப் பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். அப்படிப் போனவர்கள் எதைத் தவறவிட்டார்கள் என்பதை இன்று ஓர் ஆளின் கதையைக் கொண்டு சொல்லிப் பார்க்கிறேன். அவர் பெயர் டேவிட் ஸ்டோர்ல். ஜெர்மானியர்.

குண்டு எறிதலில் எல்லாக் காலத்துக்குமான பட்டியல் ஒன்று உண்டு. யார் எவ்வளவு தூரம் எறிந்தார்கள் என்று மேலிருந்து கீழாக அடுக்கி வைத்திருப்பார்கள். அதன் உச்சியில் அமெரிக்காவின் ரயன் கிரௌசர் நிற்கிறார். 2023-இல் 23.56 மீட்டர். ஸ்டோர்லின் வாழ்நாள் சிறந்த தூரம் 22.20 மீட்டர். உலகப் பட்டியலில் முதல் இருபது பேருக்குள் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஜெர்மனிக்குள்ளேயே அவருக்கு மேலே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்த நாட்டு ஆண்களில் குண்டு எறிதலில் திறந்தவெளி உலகச் சாம்பியன் பட்டத்தை வென்றவர் ஸ்டோர்ல் ஒருவர்தான். அதுவும் ஒரு முறையல்ல, இரண்டு முறை. மேலே இருக்கும் இரண்டு பேருக்கும் அது வாய்க்கவில்லை. இந்த முரண்பாட்டைப் புரிந்துகொண்டால் ஸ்டோர்லும் புரிவார், இந்த விளையாட்டின் வரலாறும் பாதி புரிந்துவிடும்.

ஸ்டோர்ல் பிறந்தது 1990 ஜூலை 27. ஊர், சாக்சனியில் உள்ள ரோக்லிட்ஸ் என்னும் சிற்றூர். அந்தத் தேதியைக் கவனியுங்கள். கிழக்கு ஜெர்மனி என்ற நாடு அப்போது இன்னும் இருந்தது. இரண்டு மாதத்துக்குச் சற்று மேல், அக்டோபர் 3 அன்று, அது மேற்குடன் இணைந்து இல்லாமல் போயிற்று. பின்னாளில் அவர் பயிற்சி எடுத்த நகரம் கெம்னிட்ஸ். அந்த நகரத்துக்கு அவர் பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்புவரை கார்ல் மார்க்ஸ் ஷ்டாட் என்று பெயர். ஆக, பிறந்த நாடு போய்விட்டது. வளர்ந்த நகரம் பெயர் மாறிவிட்டது. ஆனால் அந்தப் பகுதியில் குண்டு எறியச் சொல்லித்தரும் மரபு மட்டும் அப்படியே இருந்தது. அதுதான் ஸ்டோர்லுக்குக் கிடைத்த சொத்து. அந்தச் சொத்தில் கறையும் இருந்தது. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

முதலில் வட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஆசிரியர்களுக்குத் தெரிந்ததுதான், மாணவர்களுக்காகச் சொல்கிறேன். வட்டத்தின் விட்டம் 2.135 மீட்டர். அதாவது ஏழு அடி. முன்பக்கம் சுமார் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் வளைந்த ஒரு தடுப்புக் கட்டை. குண்டின் எடை 7.26 கிலோ. அதைக் கழுத்தோடு ஒட்டி வைத்து, தோளிலிருந்து ஒரு கையால் தள்ள வேண்டும். தோளுக்குப் பின்னால் கை போகக்கூடாது. இருபத்திரண்டு மீட்டர் போக வேண்டுமானால் குண்டு கையை விட்டுக் கிளம்பும்போது வினாடிக்கு ஏறக்குறைய பதினான்கு மீட்டர் வேகம் வேண்டும். ஏழடி இடத்துக்குள் நின்ற நிலையிலிருந்து அந்த வேகத்தைக் கிளப்ப வேண்டும். கிளப்பிய பிறகு வட்டத்தை விட்டு வெளியே விழாமல் நிற்கவும் வேண்டும். சூட்சுமம் முழுவதும் இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது.

இந்த வேகத்தைக் கிளப்ப இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சறுக்கு முறை. கிளைடு என்பார்கள். எறியும் திசைக்கு முதுகைக் காட்டி வட்டத்தின் பின்விளிம்பில் நின்று, குனிந்து, ஒரு காலைப் பின்னால் உதைத்து, மறு காலால் தரையோடு தரையாகச் சறுக்கி வட்டத்தின் நடுவுக்கு வந்து, அங்கிருந்து திரும்பி எழுந்து தள்ளுவது. இப்படி முதுகு காட்டி நிற்கும் நிலையை நிலைநாட்டியவர் அமெரிக்காவின் பாரி ஓ'பிரையன். 1954-இல் முதன்முதலாக அறுபது அடியைத் தாண்டினார். 1952-இலும் 1956-இலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். இன்னொன்று, சுழல் முறை. வட்டு எறிபவர் சுற்றுவதுபோல வட்டத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து தள்ளுவது. சோவியத்தின் அலெக்ஸாந்தர் பரிஷ்னிகோவ் 1976-இல் இந்த முறையில் 22.00 மீட்டர் எறிந்து உலக சாதனை படைத்தார். அமெரிக்கர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கிழக்கு ஜெர்மானியர்கள் சறுக்கு முறையிலேயே நின்று அதை நுணுக்கி நுணுக்கிச் செதுக்கினார்கள்.

சறுக்கு முறையில் எல்லாரும் பார்ப்பது கையை. பார்க்க வேண்டியது இடது காலை. வலது கையால் எறிபவருக்கு இடது கால்தான் தடுப்புக் கட்டையின் ஓரத்தில் ஊன்றி, நேராக நிமிர்ந்து, உடம்பின் ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்துகிறது. ஓடும் பேருந்தில் ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டால் நிற்கிறவர் முன்னால் பாய்வார் அல்லவா? அதே கதைதான். கால் நிற்கிறது, இடுப்புக்கு மேலே இருக்கும் அத்தனையும் முன்னால் பாய்கிறது, அந்தப் பாய்ச்சல் தோளுக்கும் கைக்கும் போய்க் குண்டில் முடிகிறது. நின்ற இடத்திலிருந்து எறிவதைவிடச் சறுக்கி எறியும்போது நல்ல வீரருக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் கூடுதலாகக் கிடைப்பது இதனால்தான். அந்த இடது காலுக்கு என்ன கதி ஆகும் என்பதையும் யோசித்து வையுங்கள். நூற்றிருபது கிலோ ஆள், ஒரு நாளில் பல தடவை, பல வருடம், ஒரே முழங்காலில் பிரேக் போடுகிறார்.

இனி, கறை என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். ஜெர்மனியின் குண்டு எறிதல் பரம்பரை கொஞ்சம் இருட்டானது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 16.20 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கியவர் ஹான்ஸ் வோல்கே. தடகளத்தில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஜெர்மானிய ஆண் அவர்தான். காவல்துறையில் இருந்தார். ஏழு வருடம் கழித்து, 1943 மார்ச் 22 அன்று, பெலாரூஸில் ஆக்கிரமிப்புப் படையின் காவல் அதிகாரியாகச் சென்றுகொண்டிருந்தபோது கொரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பழிவாங்கும் சாக்கில் அதே நாளில் ஆக்கிரமிப்புப் படையினர் பக்கத்திலிருந்த காத்தின் என்னும் கிராமத்தையே எரித்தார்கள். 149 பேர் இறந்தார்கள். அதில் பாதிப் பேர் குழந்தைகள். ஒலிம்பிக் வரலாறு எழுதுகிறவர்கள் பலர் 16.20 மீட்டரோடு வோல்கேயின் கதையை முடித்துக்கொள்வார்கள். அது சரியென்று எனக்குப் படவில்லை.

அடுத்து கிழக்கு ஜெர்மனியின் உடோ பையர். 1976 மான்ட்ரியாலில் இருபது வயது இளைஞர், 21.05 மீட்டரில் தங்கம். இரண்டாமவர் 21.03, மூன்றாமவர் 21.00. மூன்று பதக்கங்களும் ஐந்து சென்டிமீட்டருக்குள். பையர் மூன்று முறை உலக சாதனை படைத்தார். கடைசியாக 1986-இல் 22.64. பிறகு உல்ஃப் டிம்மர்மன். 1988 மே மாதம் கிரீட் தீவின் கானியா நகரில் 23.06 எறிந்து, இருபத்துமூன்று மீட்டரைத் தாண்டிய முதல் மனிதர் ஆனார். சறுக்கு முறையில் அதற்கு மேல் இன்றுவரை யாரும் எறிந்ததில்லை. அதே வருடம் செப்டம்பரில் சோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டி. முதல் சுற்றிலிருந்தே டிம்மர்மன்தான் முன்னணி. ஐந்தாம் சுற்றில் 22.29 வரை போயிருந்தார். கடைசிச் சுற்றில் அமெரிக்காவின் ராண்டி பார்ன்ஸ் 22.39 எறிந்து மேலே போய்விட்டார். டிம்மர்மனுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வீச்சு. 22.47. அந்த ஒலிம்பிக் சாதனை இருபத்தெட்டு வருடம் நின்றது.

இவ்வளவும் கேட்கும்போது மெய்சிலிர்க்கிறது. ஆனால் பெர்லின் சுவர் விழுந்த பிறகு கோப்புகள் வெளியே வந்தன. கிழக்கு ஜெர்மனியில் ஊக்கமருந்து என்பது அரசே திட்டம் போட்டு நடத்திய வேலை என்பது எழுத்துபூர்வமாகவே தெரிந்தது. பையர் தாம் மருந்து எடுத்துக்கொண்டதைப் பிற்காலத்தில் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். பெண்கள் பிரிவில் நடந்தது இன்னும் கொடுமை. 1986-இல் 21.10 மீட்டர் எறிந்து ஐரோப்பியச் சாம்பியன் ஆன ஹைடி கிரீகருக்குப் பதின்பருவத்திலிருந்தே ஆண் ஹார்மோன் மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. சத்து மாத்திரை என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். பின்னாளில் அவர் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஆன்ட்ரியாஸ் கிரீகர் என்ற ஆணாக வாழ்கிறார். 2000-ஆம் ஆண்டு பெர்லினில் அந்த விளையாட்டு அதிகாரிகள்மீது நடந்த வழக்கில் சாட்சியும் சொன்னார். அமெரிக்கப் பக்கமும் சுத்தமில்லை. டிம்மர்மனின் உலக சாதனையை 1990-இல் 23.12 எறிந்து முறியடித்த பார்ன்ஸ் அதே வருடம் மருந்துச் சோதனையில் சிக்கினார். 1998-இல் மறுபடி சிக்கி வாழ்நாள் தடை வாங்கினார்.

ஆகவேதான் ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பட்டியலை நான் அளவுக்கு மீறி நம்புவதில்லை. அதன் மேல்பகுதியில் எண்பதுகளின் எண்கள் எத்தனை இருக்கின்றன, அவற்றில் எத்தனையில் மருந்து கலந்திருக்கிறது என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்? பட்டியலில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதைவிட, அன்றைக்கு, அந்த வட்டத்தில், எதிரே நின்றவர்களுக்கு நடுவே, ஆறு வாய்ப்புகளுக்குள் அவர் என்ன செய்தார் என்பதே எனக்கு முக்கியமான அளவுகோல். அந்த அளவுகோலை வைத்துத்தான் ஸ்டோர்லைப் பார்க்கச் சொல்கிறேன்.

பையன் சின்ன வயதிலேயே ஆள் உயரம். வளர்ந்து நின்றபோது இரண்டு மீட்டருக்கு ஓரிரு சென்டிமீட்டர்தான் குறைவு. 2007-இல் செக் நாட்டின் ஆஸ்ட்ராவாவில் உலக இளையோர் போட்டியில் ஐந்து கிலோ குண்டில் தங்கம். அடுத்த வருடம் போலந்தின் பிட்கோஷ்சில் ஜூனியர் உலகப் பட்டம், ஆறு கிலோ குண்டில், 21.08. 2009-இல் அதே ஆறு கிலோ குண்டை 22.73 மீட்டர் எறிந்து ஜூனியர் உலக சாதனை. கெம்னிட்ஸில் அவருக்குப் பயிற்சியாளர் ஸ்வென் லாங். பின்னாளில் பெண்கள் பிரிவில் உலகச் சாம்பியன் ஆன கிறிஸ்டினா ஷ்வானிட்ஸையும் உருவாக்கியவர் இவர்தான். ஒரே கூரையின் கீழ் இரண்டு உலகச் சாம்பியன்கள் என்றால் அந்தப் பயிற்சியாளரைப் பற்றித் தனியாக ஒரு சொற்பொழிவே போடலாம்.

ஜூனியரில் கொடிகட்டிப் பறந்தவர்கள் பலர் பெரிய குண்டைத் தொட்டதும் காணாமல் போவார்கள். ஆறு கிலோவுக்கும் ஏழேகால் கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் தராசில் சிறியது, மணிக்கட்டில் பெரியது. ஸ்டோர்ல் காணாமல் போகவில்லை. 2011 மார்ச்சில் பாரிஸில் நடந்த ஐரோப்பிய உள்ளரங்கப் போட்டியில் தம் நாட்டு மூத்தவர் ரால்ஃப் பார்டெல்ஸுக்கு அடுத்து வெள்ளி. ஆறு மாதம் கழித்துத் தென்கொரியாவின் டேகூவில் உலகச் சாம்பியன் போட்டி.

2011 செப்டம்பர் 2. ஸ்டோர்லுக்கு வயது இருபத்தொன்று. களத்தில் நடப்புச் சாம்பியன் அமெரிக்காவின் கிறிஸ்டியன் கேன்ட்வெல் இருக்கிறார், 2008 ஒலிம்பிக் சாம்பியன் போலந்தின் தோமாஷ் மயேவ்ஸ்கி இருக்கிறார், கனடாவின் டிலன் ஆம்ஸ்ட்ராங் நல்ல நிலையில் இருக்கிறார். இந்தப் பையனை யாரும் பெரிதாகக் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டாம் சுற்றில் 21.60 எறிந்து முன்னால் போனார். அது அவர் அதுவரை எறிந்ததிலேயே அதிகம். பிறகு ஆம்ஸ்ட்ராங் 21.64 எறிந்து நான்கு சென்டிமீட்டரில் அவரைக் கீழே இறக்கினார். இந்த வயதில் உலகப் போட்டியில் வெள்ளி என்பதே யாருக்கும் போதும். கையில் இருக்கும் வெள்ளியை எண்ணிப் பார்த்துக் கடைசி வீச்சைக் கடனுக்கு எறிகிறவர்களை நீங்களும் நானும் நிறையப் பார்த்திருக்கிறோம். ஸ்டோர்ல் ஆறாவது வீச்சில் 21.78 எறிந்தார். ஒரே மாலையில் இரண்டாம் முறை தம் வாழ்நாள் சிறந்த தூரம். தங்கம். ஆண்கள் குண்டு எறிதலில் உலகச் சாம்பியன் ஆனவர்களிலேயே மிக இளையவர்.

இங்கே ஓர் அடைப்புக்குறி போடுகிறேன். அன்று மூன்றாமிடம் வந்த பெலாரூஸின் அந்த்ரேய் மிக்னெவிச், பழைய மாதிரியை மறுபடி சோதித்தபோது ஊக்கமருந்தில் பிடிபட்டு 2013-இல் வாழ்நாள் தடை வாங்கினார். வெண்கலம் கேன்ட்வெல்லுக்குப் போயிற்று. மேடையில் நின்று பதக்கம் வாங்க வேண்டிய ஆளுக்கு இரண்டு வருடம் கழித்து அது வந்தால் அதில் என்ன ருசி இருக்கும்? ஸ்டோர்ல்மீது அப்படி ஒரு வழக்கு வந்ததில்லை.

அடுத்த வருடம் லண்டன் ஒலிம்பிக். இந்தப் போட்டியை நான் ஸ்டோர்லின் வாழ்க்கையில் மிகச் சிறந்த போட்டி என்பேன், அவர் தோற்றபோதிலும். ஆகஸ்ட் 3 அன்று இரவு முதல் சுற்றிலேயே 21.84. இரண்டாம் சுற்றில் 21.86. இப்படி ஆரம்பித்தால் எதிராளிக்குக் கை நடுங்க வேண்டும். மயேவ்ஸ்கிக்கு நடுங்கவில்லை. மூன்றாம் சுற்றில் 21.87 எறிந்தார். ஒரே சென்டிமீட்டர். விரல் நகத்தின் அகலம். கடைசியில் அவரே அதை 21.89 ஆக்கினார். ஸ்டோர்ல் 21.86-இலேயே நின்றுவிட்டார். வெள்ளி. மூன்று சென்டிமீட்டரில் ஒலிம்பிக் தங்கம் போயிற்று. இருபத்தொரு மீட்டருக்கு மேல் பறந்து வந்த இரும்புக் குண்டு, மூன்று சென்டிமீட்டர் பின்னால் விழுந்ததால் கதை மாறியது. மயேவ்ஸ்கிக்கு அது அடுத்தடுத்த இரண்டாவது ஒலிம்பிக் தங்கம். ஓ'பிரையனுக்குப் பிறகு இந்தப் போட்டியில் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்ட முதல் ஆள் அவர். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அன்று தங்கம் வென்றவரும் வெள்ளி வென்றவரும் சறுக்கு முறைக்காரர்கள். அமெரிக்காவின் சுழல் முறைக்காரர் ரீஸ் ஹோஃபாவுக்கு மூன்றாமிடம்தான், 21.23. சறுக்கு முறை செத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அன்று இரவு கொஞ்சம் வாயை மூடியிருக்க வேண்டும்.

இனி மாஸ்கோ. 2013 ஆகஸ்ட் 16. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய விதி ஒன்று இதில் இருக்கிறது.

சறுக்கு முறையில் குண்டைத் தள்ளிய பிறகு உடம்பு முன்னால் போய்க்கொண்டே இருக்கும். அதைத் தாங்க வலது காலை முன்னால் கொண்டுவந்து தடுப்புக் கட்டையை ஒட்டி ஊன்றுவார்கள்; இடது கால் பின்னால் பறக்கும். இப்படிக் கால் மாற்றும்போது பாதம் கட்டையின் உட்பக்கத்தில் மோதலாம். அதில் தவறில்லை. வேகத்தை நிறுத்தத்தான் கட்டையை அங்கே வைத்திருக்கிறார்கள். ஆனால் கட்டையின் மேற்பரப்பைத் தொட்டால் ஃபவுல். வட்டத்துக்கு வெளியே தரையைத் தொட்டாலும் ஃபவுல். உட்பக்கமா, மேற்பரப்பா? கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பது இது. நடுவர் ஒரு பக்கத்திலிருந்து பார்க்கிறார். ஷூவின் ஓரம் வளைந்து கட்டையின் விளிம்பை உரசியதா, மேலே ஏறியதா என்று வெறும் கண்ணால் சொல்வது எளிதல்ல.

நான்காம் சுற்றில் ஸ்டோர்ல் எறிந்த குண்டு தூரமாகப் போய் விழுந்தது. ஃபவுல் என்று தீர்ப்பு. ஸ்டோர்ல் ஒப்புக்கொள்ளவில்லை. முறைப்படி ஆட்சேபம் தெரிவித்தார். கடைசியில் அதைத் தீர்த்து வைத்தது, களத்தோரத்தில் நின்றிருந்த ஒரு புகைப்படக்காரர் எடுத்த படம். பத்திரிகைக்காக எடுத்த படம். அதில் பாதம் கட்டையின் மேல் ஏறவில்லை என்று தெரிந்ததும் தீர்ப்பை மாற்றிக்கொண்டார்கள். அளந்த தூரம் 21.73. அதுவே அன்றைய மிக நீண்ட வீச்சு. அமெரிக்காவின் ரயன் வைட்டிங் 21.57 உடன் வெள்ளி, ஆம்ஸ்ட்ராங் 21.34 உடன் வெண்கலம். ஸ்டோர்லுக்கு இரண்டாவது உலகப் பட்டம்.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. படம் எடுத்தவர் அந்தக் கோணத்தில் நின்றது அதிர்ஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம் கால் எங்கே பட்டது என்பது எறிந்தவருக்குத் தெரிந்திருந்தது. பத்து வருடப் பயிற்சியில் வருகிற உணர்வு அது. கொடி தூக்கியதும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போயிருந்தால் அந்தப் படத்தை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். சத்தம் போடாமல், அதே சமயம் விட்டுக்கொடுக்காமல் கேட்டார். நடுவர்களும் கௌரவம் பார்க்காமல் தீர்ப்பைத் திருத்தினார்கள். அவர்களுக்கும் ஒரு கைதட்டல் சேர வேண்டும்.

இதற்கு நடுவே ஐரோப்பாவில் அவர் ராஜ்ஜியம்தான். 2012 ஹெல்சின்கி, 2014 சூரிச், 2016 ஆம்ஸ்டர்டாம் என்று மூன்று ஐரோப்பியப் பட்டங்கள் தொடர்ச்சியாக. உள்ளரங்க உலகப் போட்டியில் மட்டும் தங்கம் கடைசிவரை கைகூடவில்லை. இஸ்தான்புல், சோபாட், பர்மிங்ஹாம் மூன்றிலும் வெள்ளி. பர்மிங்ஹாமில், 2018-இல், அவருக்கும் செக் நாட்டின் தோமாஷ் ஸ்தானெக்குக்கும் தூரம் ஒன்றே: 21.44. அப்படி வந்தால் இரண்டாவது சிறந்த வீச்சைப் பார்ப்பார்கள். அதில் ஸ்டோர்ல் மேலே. ஒரு நல்ல வீச்சு எறிந்துவிட்டு மற்ற ஐந்தையும் வீணடிப்பவருக்கு அந்த வெள்ளி கிடைத்திருக்காது.

2015 ஜூலையில் லோசானில் 22.20. இருபத்திரண்டைத் தாண்டிய அவருடைய பெரிய நாள் அதுதான். அடுத்த மாதம் பெய்ஜிங்கில் மூன்றாவது உலகப் பட்டத்துக்கு வந்தார். 21.74. அமெரிக்காவின் ஜோ கோவாக்ஸ் 21.93 எறிந்து வாங்கிக்கொண்டார். கோவாக்ஸ் சுழல் முறைக்காரர்.

அதன் பிறகு இறக்கம்தான். முழங்கால் நீண்ட நாளாகத் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சையும் செய்துகொண்டார். கெம்னிட்ஸை விட்டு லைப்ஸிக் போய் வில்கோ ஷாவிடம் பயிற்சி எடுத்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஏழாமிடம். சொந்த நாட்டில், 2018 பெர்லின் ஐரோப்பியப் போட்டியில், 21.41 எறிந்து வெண்கலம். முன்னால் போன இருவரும் போலந்துக்காரர்கள். நான்கு வருடம் முன்பு சூரிச்சில் இதே 21.41-தான் அவருக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆள் அதே தூரத்தில் நிற்கிறார், உலகம் நகர்ந்துவிட்டது.

எப்படி நகர்ந்தது? ரியோவில் கிரௌசர் 22.52 எறிந்து டிம்மர்மனின் 1988 ஒலிம்பிக் சாதனையை முறியடித்தார். 2019 தோஹா உலகப் போட்டியில் கோவாக்ஸ் 22.91, கிரௌசர் 22.90, நியூஸிலாந்தின் டாம் வால்ஷ் 22.90. நான்காமவரான பிரேசிலின் டார்லன் ரொமானியே 22.53. ஸ்டோர்லுக்கு உலகப் பட்டம் தந்த 21.78-ஐ அங்கே கொண்டுபோனால் பதக்கப் பக்கமே எட்டிப் பார்க்க முடியாது. சுழல் முறையில் குண்டுக்கு வேகமூட்டும் பாதை நீளம்; அதே ஏழடி வட்டத்துக்குள் அதிக நேரம் குண்டைத் தள்ள முடிகிறது. பிசகினால் ஃபவுல் ஆகும் ஆபத்தும் அதில் அதிகம். அந்த ஆபத்தை அமெரிக்கர்கள் பயிற்சியால் குறைத்துவிட்டார்கள். 2013-க்குப் பிறகு ஆண்கள் பிரிவில் உலகப் பட்டமோ ஒலிம்பிக் தங்கமோ வாங்கியவர் ஒவ்வொருவரும் சுழன்று எறிந்தவரே.

அதனால் ஸ்டோர்ல் சிறியவர் ஆகிவிட்டாரா? என் கருத்து, இல்லை. தூரத்தை மட்டும் பார்த்தால் அவர் மூன்றாம் வரிசை. போட்டி நாளைப் பார்த்தால், ஜெர்மனி பெற்ற குண்டு எறிபவர்களில் அவரே முதல் ஆள் என்று நான் துணிந்து சொல்வேன். 23.06 எறிந்த டிம்மர்மனுக்கு ஒலிம்பிக் தங்கம் இருக்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை. அந்தக் கடைசி வீச்சு ஒரு காவியம். ஆனால் டிம்மர்மன் எறிந்த காலத்தில் அந்த நாட்டு விளையாட்டின் அடிவாரமே நோயுற்றிருந்தது. ஸ்டோர்ல் பிறந்தபோது அந்த நாடு மூடப்பட்டுக்கொண்டிருந்தது. மரபின் நல்ல பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு உலகத்தின் முன்னால் போய் நின்ற தலைமுறை அவருடையது.

நம் பக்கத்துக்கு ஒரு கணக்கு. 2023 ஜூனில் புவனேஸ்வரில் நம் தஜிந்தர்பால் சிங் தூர் 21.77 எறிந்து ஆசிய சாதனை படைத்தார். டேகூவில் ஸ்டோர்லுக்குத் தங்கம் தந்தது 21.78. ஒரு சென்டிமீட்டர். எட்ட முடியாத தூரத்தில் நடக்கிற விளையாட்டு என்று இதை இனிமேலாவது நம் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.

முடிக்கும் முன் இங்கே உள்ள பி.டி. வாத்தியார்களிடமும் தலைமையாசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். குறுவட்டப் போட்டிகளில் சுண்ணாம்புத் தூளால் தரையில் ஒரு வட்டம் போட்டு, தடுப்புக் கட்டையே இல்லாமல் குண்டு எறியச் சொல்கிற பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. கட்டை இல்லாத வட்டத்தில் பழகிய பையன் காலை ஊன்றப் பயப்படுவான். முழு வேகத்தில் பிரேக் போடவே மாட்டான். மாவட்டப் போட்டியில் உண்மையான கட்டையைப் பார்த்ததும் அதன்மேல் ஏறி ஃபவுல் வாங்குவான். ஊரில் ஒரு தச்சரைப் பிடித்தால் கட்டை செய்து கொடுத்துவிடுவார். அளவு விதிப் புத்தகத்தில் இருக்கிறது. அடுத்த விளையாட்டு விழாவுக்குள் உங்கள் மைதானத்தில் அதைப் பதித்து வையுங்கள். குண்டு எறிதல் நடக்கும்போது டீ இடைவேளையும் விடாதீர்கள்.